முகிலனுக்கும் இருந்த சத்தம்

மறைமலை நகரில் தாய்வீட்டில் பிரசவம் முடிந்து, மூன்றாம் மாதம் எழிலரசி கைக்குழந்தையோடு வல்லம் வடகால் வந்து சேர்ந்தாள். ஆரத்தி சுற்றி முடித்ததும் இளம்பரிதி குழந்தையை வாங்கி நேராகத் தன் அக்கா பிரவீனாவின் மடியில் கொண்டுபோய் வைத்தான்.

"உன் மருமவன்கா. நித்திலன். நல்லாப் பாத்துக்க."

பிரவீனா குனிந்து பார்த்தாள். தம்பியின் நெற்றி, எழிலரசியின் மூக்கு. தலை நிறைய முடி. சிரிப்பதற்காக வாய் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சத்தம் கேட்டது.

மூச்சு உள்ளே போகும்போது ஒரு சத்தம். வெளியே வரும்போது இன்னொரு சத்தம். மூக்கடைத்த சத்தமில்லை. தொண்டைக்கும் கீழே, நெஞ்செலும்புக்குப் பின்னால், யாரோ முரட்டுத் துணியை மெல்ல மெல்லக் கிழிப்பதுபோல் இருந்தது. குழந்தை அழவில்லை, திணறவில்லை. கண்ணைத் திறந்து அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சத்தம் மட்டும் நிற்காமல் வந்தது.

"சளி கிளி புடிச்சிக்கீதா?" என்று கேட்டாள். கேட்டது தன் குரல்போலவே அவளுக்குத் தோன்றவில்லை.

"பொறந்த ரெண்டாவது வாரத்துலேர்ந்தே இப்பிடித்தான் அண்ணி," என்றாள் எழிலரசி. "மூக்குல வுட சொட்டு மருந்து குடுத்தாங்க. வளர வளரச் சரியாப் பூடும்னு சொன்னாங்க."

பிரவீனா குழந்தையைத் தூக்கித் தம்பியின் கையில் கொடுத்தாள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பது மாடிப்படி ஏறும்போதுதான் அவளுக்கே நினைவு வந்தது.

மாடியில் வடநாட்டுப் பையன்கள் நாலு பேர் வாடகைக்கு இருந்தார்கள். அவர்களுடைய சட்டைகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. அந்தச் சட்டைகளுக்கு நடுவில் பிரவீனா வெகுநேரம் நின்றாள். பன்னிரண்டு வருடமாகக் காதில் விழாத சத்தம் அது. கேட்டவுடன் அடையாளம் தெரிந்துவிட்டது.

பிரவீனாவுக்கு இருபத்திரண்டு வயதில் வாலாஜாபாத் பக்கம் சக்திகுமாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மறுவருடம் ஆண் குழந்தை பிறந்தது. முகிலன் என்று அவளே பெயர் வைத்தாள். அவனுக்கும் இதே சத்தம் இருந்தது. இழுப்பு என்றார்கள், கபம் என்றார்கள், கழுத்தில் வசம்பு கட்டினார்கள், ஊசி போட்டார்கள். சத்தம் போகவில்லை. பால் குடிக்கும்போது நாலு வாய் குடிப்பான், விட்டுவிட்டு மூச்சு வாங்குவான், மறுபடி நாலு வாய். ஐந்து மாதமும் பதினோரு நாளும் ஆனபோது ஒரு பகல்பொழுதில், அவள் மடியிலேயே, பால் குடித்துக்கொண்டிருந்தவன் நீலமாகிப் போனான். மூச்சு திரும்பவில்லை.

"ஒரு புள்ளைக்குப் பால் குடுக்கத் தெரியாதாடி உனக்கு?" என்று மாமியார் வாசலில் உட்கார்ந்து ஊருக்கே கேட்கும்படி கத்தினாள். பாலை மூச்சில் விட்டுக் கொன்றுவிட்டாள் என்பது ஒரு வாரத்தில் உறுதியான செய்தியாகிவிட்டது. சக்திகுமார் மறுத்துப் பேசவில்லை. முப்பதாம் நாள் பிரவீனாவைக் கொண்டுவந்து தாய்வீட்டில் விட்டுவிட்டுப் போனவன் பிறகு வரவில்லை.

பெற்றவர்கள் இருந்தவரை அவர்களோடு இருந்தாள். அவர்கள் போனபின் தம்பியோடு. ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கம்பெனியில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். லைனில் யாரோடும் சண்டையில்லை, யாரோடும் அதிகப் பேச்சுமில்லை. பச்சைக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குப் போகமாட்டாள். இப்போது குழந்தையே அவள் வீட்டுக்கு வந்துவிட்டது.

அன்றே சொல்லியிருக்கலாம். 'என் பையனுக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு' என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தை என்னவாகக் கேட்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பிள்ளையைத் தின்றவள், வந்த முதல் நாளே இந்தப் பிள்ளைக்கும் நாள் குறிக்கிறாள் என்று கேட்கும். அதைவிட, சொன்னால் பலித்துவிடும் என்று உள்ளே ஒரு பயம் இருந்தது. வாயை மூடிக்கொண்டாள். குழந்தையைத் தூக்குவதில்லை என்றும் தீர்மானித்துக்கொண்டாள்.

நாலாம் மாதம் சத்தம் கூடியது. பக்கத்துக் கிளினிக்கில் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு வீசிங் என்றார். நெபுலைசர் மிஷின் வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். காலையும் மாலையும் குழந்தையின் முகத்தில் மூடியை வைத்து எழிலரசி மருந்துப் புகை காட்டினாள். மிஷின் ஓடும்போது அதன் இரைச்சலில் குழந்தையின் சத்தம் கேட்காது. நிறுத்தியதும், விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

"வீட்ல யாராச்சும் பீடி சிகரெட் புடிக்கிறாங்களா? கெமிக்கல் வேலை பாக்கறாங்களா?" என்று டாக்டர் கேட்டிருந்தார். இளம்பரிதி மறைமலை நகரில் பைக் உதிரிபாகக் கம்பெனியில் பெயிண்ட் ஷாப்பில் இருந்தான். அது போதுமானதாக இருந்தது. எழிலரசி அவன் சட்டையை முகர்ந்து பார்த்தாள்.

"உன்கிட்டேர்ந்துதான் வருது. மூக்குல ஏறுது எனக்கே. புள்ளைக்கு எப்பிடி இருக்கும்?"

அவன் கம்பெனியிலேயே குளித்துவிட்டு வரத் தொடங்கினான். பிறகு சட்டையை வெளியிலேயே கழற்றி வைத்தான். பிறகு குழந்தை இருக்கும் அறைக்கு வராமல் கூடத்தில் படுத்தான். கடைசியில் சூப்பர்வைசரைக் கெஞ்சி, பெயிண்ட் ஷாப்பை விட்டு லோடிங் பக்கம் மாற்றிக்கொண்டான். ஏழு வருடம் கற்ற வேலை. ஸ்ப்ரே கன் பிடித்த கையால் அட்டைப்பெட்டி தூக்கினான்.

சத்தம் ஒரு துளி குறையவில்லை.

"இன்னும் உடம்புலேர்ந்து போவலபோல," என்றான் ஒருநாள், தன் கையைத் தானே முகர்ந்துகொண்டு. பிரவீனா சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள். அது பெயிண்ட் இல்லை என்று நாக்கு நுனிவரை வந்தது. குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எழிலரசி எல்லாவற்றையும் கவனித்தபடிதான் இருந்தாள். நாத்தனார் ஒருநாள்கூட பிள்ளையைத் தூக்காதது அவள் மனதில் தைத்துக் கிடந்தது. "உங்க அக்காவுக்கு எம் புள்ளயப் புடிக்கலன்னா சொல்லச் சொல்லுங்க," என்று கணவனிடம் சொன்னது பிரவீனாவின் காதிலும் விழுந்தது. விழட்டும் என்றுதான் சொன்னாள்.

ஒரு மதியம். பிரவீனா காலை ஷிப்டு முடித்துவிட்டு வந்திருந்தாள். எழிலரசி கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே குழந்தை தூங்கும் சத்தம் வழக்கத்தைவிட இறுகிக் கேட்டது. எட்டிப் பார்த்தாள். தலைக்கு அடியில் ஒரு சின்னத் தலையணை வைத்து, கன்னத்துக்கு இரண்டு பக்கமும் துணிச்சுருட்டு அணைகட்டி வைத்திருந்தது. குழந்தை எப்போதும் தலையைப் பின்னால் வில்லாக வளைத்துத் தூங்குகிறான், கழுத்து கோணிப்போகும் என்று எழிலரசி அப்படிச் செய்திருந்தாள். முகவாய் நெஞ்சைத் தொட்டுக்கொண்டிருந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் ஒவ்வொரு மூச்சுக்கும் குழிந்து போனது.

பிரவீனா தலையணையை உருவினாள். துணிச்சுருட்டுகளை எடுத்தாள். குழந்தை தூக்கத்திலேயே தலையைப் பின்னால் தள்ளி, தொண்டையை முழுதாக நீட்டினான். குழிவு குறைந்தது. சத்தம் கொஞ்சம் இளகியது.

முகிலனும் இப்படித்தான் தூங்கினான். அவனுக்கும் மாமியார் தலையணை வைத்தாள்.

பிரவீனா போனை எடுத்து வீடியோ பிடித்தாள். முகிலனுடைய சத்தத்துக்கு உலகத்தில் எந்தச் சாட்சியும் இல்லை, அவள் காதைத் தவிர. ஏன் எடுக்கிறோம் என்று யோசிக்காமலேயே எடுத்தாள். அதன்பின் எழிலரசி பார்க்காத நேரங்களில் எடுத்தாள். பால் குடிக்கும்போது கதவிடுக்கிலிருந்து ஒன்று. நெபுலைசருக்கு முன் ஒன்று, பின் ஒன்று. இருமும்போது ஒன்று, தகரத்தைத் தட்டியதுபோல் இருந்தது அந்த இருமல். பஸ்ஸில் கம்பெனிக்குப் போகும்போது இயர்போனை மாட்டிக்கொண்டு அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். பக்கத்து சீட்டுப் பெண் ஏதோ பாட்டு என்று நினைத்து, "இன்னாக்கா, புதுப் படமா?" என்று கேட்டாள்.

குழந்தைக்கு ஐந்து மாதம் முடிந்தது. ஐந்து மாதமும் பதினோரு நாளும் ஆன அன்று பிரவீனா லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். காரணம் யாருக்கும் சொல்லவில்லை. நாள் முழுக்கக் கூடத்திலேயே உட்கார்ந்து உள்ளறைச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அன்று தூங்கப் போகும்போது, ஒருவேளை இது வேறு சத்தம்தானோ என்று நினைத்தாள். பல வாரங்களில் முதல்முறையாக அசந்து தூங்கினாள்.

ஆறாம் மாதம் சோறு ஊட்ட சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போனார்கள். இளம்பரிதி, எழிலரசி, பிரவீனா மூன்று பேர்தான். வெள்ளிக்கிழமைக் கூட்டம். சாமிக்குக் காட்டிய சர்க்கரைப் பொங்கலைத் தொன்னையில் வாங்கிக்கொண்டு மண்டபத்தில் ஓரமாக உட்கார்ந்தார்கள். எழிலரசி குழந்தையை மடியில் நிமிர்த்தி வைத்து, விரல் நுனியில் மசித்து நாக்கில் வைத்தாள். இனிப்பு என்றதும் குழந்தை சப்புக்கொட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது தரமும் வைத்தாள். மூன்றாவது தரம் கொஞ்சம் கூடுதலாக.

குழந்தை வாயைத் திறந்தான். இருமல் வரவில்லை. அழுகையும் வரவில்லை. அதுவரை ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோனது.

பிரவீனாவுக்கு முதலில் கேட்டது அந்த அமைதிதான். குழந்தையைப் பார்க்கும் முன்பே எழுந்துவிட்டாள். உதடு கறுத்திருந்தது. கை துவண்டு தொங்கியது. எழிலரசி வீறிட்டாள். பக்கத்திலிருந்த ஒருவர் குழந்தையை வாங்கிக் கவிழ்த்து முதுகில் தட்டினார். பொங்கல் ஒரு கட்டியாக வந்து தரையில் விழுந்தது. அப்போதும் மூச்சு வரவில்லை. கவிழ்ந்த தலை நெஞ்சில் மடங்கிக் கிடந்தது.

"குடுங்க இங்க!"

பிரவீனா பிடுங்கினாள். முன்கையில் மல்லாக்கப் போட்டு, தலையைப் பின்னால் சாயவிட்டுத் தொண்டையை நீட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று யாரோ எண்ணுவதுபோல் அவள் காதுக்குள் அடித்தது. பிறகு அந்தத் துணி கிழியும் சத்தம் திரும்ப வந்தது. மூன்று மாதமாக அவள் பயந்துகொண்டிருந்த சத்தம். அதைக் கேட்டு அவள் மண்டபத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆட்டோவில் அருகிலிருந்த தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். எக்ஸ்ரே எடுத்து, உணவு நுரையீரலுக்குள் போயிருக்கலாம், நிமோனியா வரலாம் என்று சேர்த்துக்கொண்டார்கள். குழந்தைக்கு ஆக்சிஜன் வைத்திருந்தது. வெளியே பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். இளம்பரிதி எழுந்தான், நடந்தான், திரும்பி வந்து மனைவிக்கு எதிரில் நின்றான்.

"ஒரு வாய் ஊட்டத் தெரியாதா உனக்கு? இன்னா ஊட்டுற, எவ்ளோ ஊட்டுறன்னு பாக்கமாட்ட? நான் பெயிண்ட் அடிச்சிக் கொல்றேன்னியே, இப்ப யாரு கொன்னது?"

எழிலரசி இரண்டு கைகளையும் விரித்து மடியில் வைத்துக்கொண்டு, பொங்கல் ஒட்டியிருந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை பிரவீனாவுக்குத் தெரியும். அதே மாதிரி தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு அவள் முப்பது நாள் உட்கார்ந்திருந்தாள்.

"வாய மூடுடா," என்றாள்.

தம்பி திரும்பிப் பார்த்தான். அக்கா அவனிடம் அப்படிப் பேசியதே இல்லை.

"அவ ஒண்ணும் பண்ணல. நீயும் ஒண்ணும் பண்ணல. புள்ளைக்குள்ள என்னமோ கீது. முகிலனுக்கும் இதே சத்தம்தான். இதே மாதிரி கழுத்த வளைச்சிக்கினுதான் தூங்குவான். இதே மாதிரிதான் வுட்டு வுட்டுப் பால் குடிப்பான். நான் பாலை மூச்சுல வுடல இளம்பரிதி. அவனுக்கு மூச்சு வுட வழியில்ல."

நர்ஸ் ஒருத்தி மருந்துத் தட்டோடு அவர்களைத் தாண்டிப் போனாள்.

எழிலரசி மெல்லத் தலையைத் தூக்கினாள். "எப்போலேர்ந்து தெரியும் அண்ணி?"

"நீ வூட்டுக்கு வந்த அன்னிலேர்ந்து."

"மூணு மாசமா?" குரல் உயரவே இல்லை. "மூணு மாசமா தெரிஞ்சிக்கினே சோறு ஊட்டறதப் பாத்துக்கினு உக்காந்திருந்தீங்களா?"

பிரவீனா தன் பையைத் திறந்தாள். போனை எடுத்து நீட்டினாள். "இதுல ஏழு வீடியோ கீது. மெட்ராசுக்குப் போலாம். கொழந்தைங்க பெரிய ஆஸ்பத்திரி. இன்னிக்கே."

மறுநாள் ஆம்புலன்சில் போனார்கள். சென்னையில் அவர்களைப் பார்த்தது சத்யப்பிரியா என்ற டாக்டர். நாற்பது வயதிருக்கும். கிளினிக் சீட்டுகளை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். பிறகு பிரவீனாவின் போனை வாங்கி, காதருகே வைத்து ஏழு வீடியோவையும் கேட்டார். கழுத்தை வளைத்துத் தூங்கும் வீடியோவை இரண்டு முறை போட்டார்.

"இதை எடுத்தது யாரு?"

"நான்தாங்க. அத்தை."

"நெபுலைசர் வெச்சும் மாறவே இல்லையா?"

"ஒரு நாளும் மாறலைங்க."

குழந்தைக்கு வெள்ளை மருந்து ஒன்றைச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். மருந்து தொண்டையிலிருந்து கீழே இறங்கும் பாதையில், நடுவில், இரண்டு பக்கமும் யாரோ விரலால் அழுத்தியதுபோல் குறுகியிருந்தது. அதைப் பார்த்ததும் ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். சாயங்காலம் டாக்டர் மூவரையும் உட்காரவைத்து ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார்.

"இதயத்துலேர்ந்து பெரிய ரத்தக்குழாய் ஒண்ணு மேல வந்து, ஒரு பக்கமா வளைஞ்சு கீழ எறங்கும். கருவுல உருவாகும்போது ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு இருக்கும். அப்புறம் ஒண்ணு மறைஞ்சிடும். உங்க குழந்தைக்கு மறையல. ரெண்டும் சேர்ந்து வளையம் மாதிரி மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் சுத்திப் புடிச்சிருக்கு. குழந்தை வளர்றான், வளையம் இறுகுது. சாப்பாடு எறங்கும்போது மூச்சுக்குழாய் இன்னும் நசுங்குது. தலையைப் பின்னால சாய்ச்சா கொஞ்சம் வழி கிடைக்குது. அதை அவனே கண்டுபுடிச்சிருக்கான்."

"வீசிங்னு சொன்னாங்களே மேடம்," என்றான் இளம்பரிதி.

"வீசிங்னு வர்ற குழந்தைங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு மேல சளி, வைரஸ், அலர்ஜி இப்பிடித்தான் இருக்கும். இது அபூர்வம். ஆனா பொறந்ததுலேர்ந்து நிக்காத சத்தம், மருந்துக்கு அசையாத சத்தம், பால் குடிச்சாக் கூடுற சத்தம்னா, வேற என்னன்னு தேடணும்."

"அப்போ பெயிண்டு?"

"பெயிண்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஊட்டுனதுக்கும் சம்பந்தமில்ல. அம்மா வயித்துல ரெண்டாவது மாசத்துலேயே நடந்து முடிஞ்சது இது."

இளம்பரிதி தரையைப் பார்த்தான். எழிலரசி யாரையும் பார்க்கவில்லை. பிரவீனா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"எனக்கு ஒரு பையன் இருந்தான்ங்க. அஞ்சு மாசத்துல பூட்டான். இதே சத்தம். இதேதானா?"

டாக்டர் பேனாவை மூடினார். "சில குடும்பங்கள்ல ஒண்ணுக்கு மேல வரலாம். பெரும்பாலும் தனியாத்தான் வரும். இதே மாதிரி சத்தம் குடுக்கிற வேற குறைகளும் இருக்கு. எக்ஸ்ரே, ரிப்போர்ட் ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"என்னாண்ட இல்ல."

"யார்கிட்டயாவது இருந்தா வாங்கிப் பாருங்க. பாக்காம என்னால ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது."

ஆபரேஷன் வியாழக்கிழமை என்று முடிவானது. காலை ஏழரைக்குக் குழந்தையை உள்ளே வாங்கிக்கொண்டார்கள். இடது பக்க விலா வழியாகப் போய், இரண்டு குழாயில் சின்னதை வெட்டிக் கட்டி, வளையத்தைத் திறந்துவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். ரத்தக்குழாய் என்பதால் ஆபத்து இருக்கிறது என்றும் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

பத்து மணிக்கு பிரவீனா படிக்கட்டுப் பக்கம் போய், பன்னிரண்டு வருடமாக அழிக்காமல் வைத்திருந்த நம்பரை அழுத்தினாள். மாறியிருக்கும் என்றுதான் நினைத்தாள். மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

"யாரு?"

"நான்தான், பிரவீனா."

பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. "சொல்லு," என்றான் சக்திகுமார்.

"முகிலனுக்குப் பாத்த ஆஸ்பத்திரி சீட்டு, எக்ஸ்ரே ஏதாச்சும் வூட்ல கீதா?"

"எதுக்கு இப்ப?"

சொன்னாள். தம்பி பிள்ளை, சத்தம், வளையம், இப்போது உள்ளே ஆபரேஷன் நடந்துகொண்டிருப்பது எல்லாவற்றையும் சொன்னாள். அவன் லைனில் இருக்கிறானா என்று இரண்டுமுறை போனை எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்ல," என்றான் கடைசியில். "சட்டை, பாய், சீட்டு எல்லாத்தயும் அம்மா அப்பவே கொளுத்திட்டாங்க. வூட்ல வெச்சிக்கக் கூடாதுன்னாங்க."

"சரி."

"அப்போ…" அவன் நிறுத்தினான். "அப்போ நீ பண்ணலயா?"

"நான் பண்ணலன்னு அன்னிக்கே சொன்னேன். நீங்க பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தீங்க."

மறுமுனையில் மூச்சு விடும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது. வைத்துவிட்டான். பிரவீனா படியிலேயே உட்கார்ந்தாள். இனி யாராலும் சொல்ல முடியாது என்பது அவளுக்குத் தெளிவாகப் புரிந்தது. ஏரிக்கரையில் புதைத்த முகிலனை எந்த டாக்டரும் படமெடுத்துப் பார்க்கமாட்டார். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. எழுந்து ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்குப் போனாள்.

பன்னிரண்டேகாலுக்குக் கதவு திறந்தது. வளையத்தை வெட்டியாகிவிட்டது என்றார்கள். அதன்பின் குழந்தை மூன்று நாள் வாயில் குழாயோடு கிடந்தான். நாலாம் நாள் குழாயை எடுத்தபோது எழிலரசி கண்ணாடிக்கு வெளியில் நின்று கைகூப்பிக்கொண்டிருந்தாள். உள்ளே விட்டதும் முதலில் ஓடிப்போய்க் காதை வைத்துக் கேட்டாள். அவள் முகம் மாறியது.

சத்தம் இருந்தது.

"இருக்கத்தான் செய்யும்," என்றார் சத்யப்பிரியா. "இத்தனை மாசம் நசுங்கிக் கெடந்த குழாய். அந்த எடம் தொளதொளன்னு ஆயிருக்கு. கெட்டிப்பட ஒரு வருஷம் ஆகலாம். ரெண்டு வருஷமும் ஆகலாம். அதுவரைக்கும் சாதாரணச் சளிகூட இவனுக்குச் சாதாரணமில்ல. சத்தம் கூடுனா, காத்திருக்காம உடனே வாங்க."

வீட்டுக்கு வந்தார்கள். இளம்பரிதியைப் பெயிண்ட் ஷாப்பில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவன் இடத்தில் வேறு ஆள் வந்துவிட்டான். அவன் அதைப்பற்றி யாரிடமும் குறை சொல்லவில்லை. மனைவியிடம் அன்று பேசிய பேச்சுக்கு ஒருநாள் ஏதோ சொல்ல முயன்றான். எழிலரசி, "வேணாம் வுடு," என்று சொல்லிவிட்டாள். நாத்தனாரிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை. சாப்பாடு எடுத்து வைப்பாள், தண்ணீர் பிடித்து வைப்பாள். கண்ணைப் பார்க்கமாட்டாள். பிரவீனாவும் அதை எதிர்பார்க்கவில்லை. மூன்று மாத மௌனத்துக்கு இது குறைவு என்றே நினைத்தாள். தனியாக ரூம் பார்த்துக்கொண்டு ஒரகடம் பக்கம் போய்விடலாமா என்று லைனில் ஒருத்தியிடம் விசாரித்தும் வைத்திருந்தாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் சேற்றை வாரியடித்துக்கொண்டு போயின. குழந்தைக்கு அப்போது ஒன்பது மாதம் நடந்தது. மடியில் உட்கார்ந்து கஞ்சி குடிப்பான், சிரிப்பான், கையைத் தட்டுவான். முந்தின நாளிலிருந்து மூக்கு ஒழுகியது.

காலை ஷிப்டு பஸ்ஸுக்கு பிரவீனா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். உள்ளறையிலிருந்து எழிலரசி குழந்தையோடு வந்து அவள் எதிரில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணி."

பிரவீனா நிமிர்ந்தாள்.

"ராத்திரியெல்லாம் கேட்டுக்கினேதான் இருந்தேன். ஒரு நேரம் கூடின மாதிரி கீது, ஒரு நேரம் அப்பிடியே கீற மாதிரி கீது. எனக்குப் பித்துப் புடிச்சிடும்போல கீது." குழந்தையை நீட்டினாள். "நீங்க கேளுங்க. உங்களுக்குத்தான் தெரியும்."

பிரவீனா செருப்பைக் கழற்றினாள். குழந்தையை வாங்கினாள். அன்று கோவிலில் பிடுங்கியதற்குப் பிறகு இப்போதுதான் தூக்குகிறாள். கனமாக இருந்தான். அவள் தாலியில்லாத கழுத்தில் முகத்தை வைத்துத் தேய்த்தான். அவன் முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவில், காதை வைத்தாள். இளம்பரிதி பல் தேய்த்துக்கொண்டே வாசலில் நின்றுவிட்டான். வாசலில் போட்டிருந்த கூரைத் தகரத்தில் மழை விழும் சத்தத்தை அவள் முதலில் ஒதுக்கினாள், லாரிகளை ஒதுக்கினாள், தன் நெஞ்சடிப்பை ஒதுக்கினாள்.

கேட்டது. உள்ளே போகும்போது ஒன்று, வெளியே வரும்போது ஒன்று.

வெளியே கம்பெனி பஸ் வந்து இரண்டுமுறை ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவள் நகரவில்லை. இருபது மூச்சுவரை கேட்டாள்.

"கூடித்தான் கீது," என்றாள் நிமிர்ந்து. "நேத்தைக்கு மேல இன்னிக்கு இறுக்கம். இளம்பரிதி, வண்டி சொல்லு. பையில ரிப்போர்ட்டெல்லாம் எடுத்து வை எழிலு. உடனே மெட்ராசுக்குக் கெளம்பலாம்."

படப்பை தாண்டும்வரை மழை விடவில்லை. ஆட்டோவுக்குள் எழிலரசி குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. பிரவீனா அவன் தலையைத் தன் முன்கையில் பின்னால் சாயவிட்டு, தொண்டை நீண்டு கிடக்கும்படி பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மூச்சையும் கேட்டுக்கொண்டே போனாள்.